அடிக்கட்டை எங்கே, மருமகனே?

வா மருமகனே. என்ன, மூஞ்சி ஊறப்போட்ட பாசிப்பயறு மாதிரி உப்பிக் கெடக்கு? கோவில்பட்டியில பஸ்ஸை விட்டு எறங்கினவன் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய்கூட வாங்காம வந்திருக்கன்னா விஷயம் பெருசுதான். உக்காரு. அத்தை மோரு கொண்டாருவா. அந்தச் செல்லைத் திண்ணை ஓரத்துல கவுத்தி வையி. அது கெடந்து துடிக்கட்டும், நீ துடிக்காத.

விஷயம் எனக்குத் தெரியும். உங்க அம்மா முந்தாநாளே போன் போட்டு ஒப்பாரி வச்சுட்டா. "அண்ணே, எம் புள்ள வண்டிக் கடனைக் கட்டலையாம், வண்டியைச் சீஸ் பண்ணுவாகளாம், தெருவுல வந்து நின்னு கேப்பாகளாம்"னு. நீ கட்டிட்டேங்க, பைனான்ஸ்காரன் கட்டலேங்கான். பெத்தவளுக்கு உன் பேச்சைவிட அவன் பேச்சுதான் கணீர்னு கேக்குது. ஏன் கேக்காது? நீ அவளுக்கு மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுத. அவன் ஒரு நாளைக்கு ஏழு தடவை பண்ணுதான்.

"கட்டிட்டேன் மாமா, கட்டிட்டேன்"னு எங்கிட்ட ஏம்ல கத்துத? நான் நம்புதேன். நான் நம்பி என்ன ஆகப்போவுது, நானா உனக்குக் கடன் குடுத்தேன்? கம்ப்யூட்டர் கம்பெனியில முப்பது பேரை மேய்க்கான் எம் மகன்னு உங்க அம்மா ஊரெல்லாம் பெருமை பேசுதா. மேய்க்கிறவன்கிட்ட கடைசி டியூ கட்டினதுக்குத் தாளு எங்கன்னு கேட்டா திருதிருன்னு முழிக்கான்.

கதவுக்குப் பின்னால பாரு. ஒரு கம்பி தொங்குதா? கரண்ட் பில்லு, தீர்வை ரசீது, உர மூட்டை வாங்கினது, உங்க அத்தைக்கு மூக்குத்தி எடுத்தது, எல்லாம் அதுலதான் குத்திக் கெடக்கு. அடியில இருக்கிறதைத் தொட்டா அப்பளமா நொறுங்கும். வருஷா வருஷம் போகியன்னைக்கு உங்க அத்தை அதைக் கொளுத்தப் பாப்பா. நான் அன்னைக்கு மட்டும் கம்பியைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குப் போயிருவேன்.

அந்தக் கம்பியே ஒரு தடவை என்னைக் குத்தியிருக்கு, கேட்டியா. 1984-ல. நான் பயிர்க்கடன் 1,200 ரூபா வாங்கி, உளுந்து வித்த காசுல ஒரே தவணையில கட்டிட்டு வந்துட்டேன். எந்த ஆபீசுன்னு கேக்காத, இன்னும் அங்கதான் உரம் வாங்கணும். எட்டு மாசம் கழிச்சு ஒரு ஜீப்பு வந்து வாசல்ல நிக்குது. அப்பல்லாம் ஜீப்பு வந்தாலே தெருவுல பொம்பளையாளுக அண்டா குண்டாவை எடுத்து அடுத்த வீட்டுல ஒளிச்சு வைப்பாக. பித்தளைச் சாமானு, ஆடு, அதுவும் இல்லன்னா வாசக்கதவைக் கழத்திட்டுப் போயிருவான். வந்தவரு சொல்லுதாரு, "உங்க பேருல ஆயிரம் ரூபா நிக்குது."

நான் சிரிச்சுக்கிட்டே போயி கம்பியிலேருந்து ரசீதை உருவிக் குடுத்தேன். அவரு வாசிச்சாரு: "இருநூறு." வாங்கிப் பாத்தா, நான் குத்தின ஓட்டை சரியா அந்த 1 மேலயே விழுந்திருக்கு! ஆயிரத்து இருநூறு போயி இருநூறா நிக்குது. சரி, 'எழுத்தால்'னு ஒரு வரி போட்டிருப்பான்ல, அதையாவது பாருங்கன்னேன். அங்க குமாஸ்தா ஒரு கோட்டை மட்டும் இழுத்து விட்டுருக்கான்.

அப்ப எனக்கு உன் வயசு. கோவம் பொத்துக்கிட்டு வருது. எங்க அப்பாதான், உனக்குத் தாத்தா, பின்னாலேருந்து மெதுவா வந்தாரு. வந்தவுகளுக்கு மோரு ஊத்தினாரு. வெயில்ல வந்திருக்கீகளே, சாப்பிட்டீகளான்னு கேட்டாரு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "ஐயா, இந்த ரசீது எங்ககிட்ட இருக்கிறது. இதுக்கு அடிக்கட்டை ஒண்ணு உங்ககிட்ட இருக்குமே, அதுல ஓட்டை இருக்காதே?"

ஜீப்புல இருந்த மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாக. அடிக்கட்டை ஆபீசுல இருக்காம். "அப்பச் சரி, எம் மகனைக் கூட்டிட்டுப் போங்க, போயிப் பாத்துக்கிடட்டும்"னு என்னை அவுக ஜீப்புலயே ஏத்தி விட்டுட்டாரு. ஓட்டை இல்லாத அடிக்கட்டையில 1,200 முழுசாக் கெடந்துச்சு. பேரேட்டுல ஏத்தும்போதுதான் அதுல ஆயிரத்தை வேற எவன் கணக்குலயோ ஏத்தி வச்சிருக்கான். கதவு தப்பிச்சுது. அன்னைக்குச் சந்தை நாளு வேற. பஸ் காசு மிச்சம்னு வெங்காய விதையும் வாங்கிட்டு வந்தேன்.

அதுலேருந்து ரசீதை ஓரத்துலதான் குத்துவேன். 'எழுத்தால்' நிரப்பாத ரசீதை வாங்க மாட்டேன். நீ பணத்தைக் கட்டினா உன் பையி காலியாகும், அவ்வளவுதான். அவன் நோட்டுல ஏறினாத்தான் கடன் தீரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு குமாஸ்தா உக்காந்திருக்கான். அன்னைக்குக் காதுல பேனா சொருகியிருந்தான், இன்னைக்குக் கம்ப்யூட்டர்ங்கிற பேருல இருக்கான். தூக்கம் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வருது.

இப்ப உன் கதைக்கு வருவோம். என்னை ரெஃபரன்ஸ்னு எழுதிக் குடுத்துருக்கல்லா? கடன் வாங்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, நம்பரை மட்டும் குடுத்துட்ட. நேத்து காலையில ஒம்பது மணிக்கு எனக்குப் போன் வந்துச்சு.

"சார், மிஸ்டர்..."

"மிஸ்திரியா? மிஸ்திரி இங்க இல்லையே தம்பி. கொத்தனாரு வேணும்னா மேலத்தெருவுல இருக்காரு."

"இல்ல சார், உங்க மருமகன் டியூ பெண்டிங் இருக்கு சார்."

"டீயா? இப்பத்தான் குடிச்சேன். நீ குடிச்சியா?"

சிரிக்காத. எனக்குக் காது பாம்புக் காது, அது உனக்கும் தெரியும், உங்க அத்தைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதுல்லா? கத்த வந்தவனை ரெண்டு தடவை திருப்பிச் சொல்ல வையி. மூணாவது தடவை சொல்லும்போது அவனுக்கே கோவம் வடிஞ்சு சிரிப்பு வந்துரும். அந்தப் பையனுக்கும் வந்துச்சு. அப்புறம் எந்த ஊருப்பான்னேன். சங்கரன்கோவில் பக்கமாம். அங்கிட்டு மழை உண்டுமான்னேன். பெஞ்சுதாம். வீட்டுல எத்தனை பேருன்னேன். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்காகளாம். அப்படிக் கால் மணி நேரம் போச்சு. அவனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குப் பேசியாகணும்னு டார்கெட்டு உண்டு. என்னோட பேசினதுல இருபது பேரு தப்பிச்சிருப்பாக.

கடைசியாத்தான் கேட்டேன். "தம்பி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. உன் கம்ப்யூட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு நீயே வாசிச்சுக் காட்டு." வாசிச்சான், பாவம். அசல் பாக்கி பூஜ்யம். வட்டி பாக்கி பூஜ்யம். அதர் சார்ஜஸ் 2,360. அது என்னய்யா 'அதர்'ன்னேன். "பவுன்ஸ் சார்ஜ் ஐயா. 590, நாலு தடவை." சாராயிருந்த நான் அதுக்குள்ள ஐயாவாயிட்டேன், பாத்தியா. காலண்டர் தாளைக் கிழிச்சு எழுதிக்கிட்டேன். நீ ஒரு மாசமா அவன்கூட மல்லுக்கட்டி "நான் யாரு தெரியுமா"ன்னு கேட்டிருக்க. அவன் என்ன சொல்லுதான்னு ஒரு நாளாவது கேட்டியா?

இந்தா, காலண்டர் தாளு. கணக்கைப் பாரு. உன் டியூ 3,412. கடைசி மாசம் அஞ்சாந் தேதி உன் கணக்குல பணம் இல்ல. பேங்கு திருப்பி அனுப்பிட்டு. அதுக்கு அபராதம் 500, அதுமேல நூத்துக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. 90, ஆக 590. நீயும் மானஸ்தன்தான், மறுநாளே டியூவையும் அபராதத்தையும் சேத்து 4,002 செல்லுல அனுப்பிட்ட. அவன் நோட்டுல 3,412 டியூவுக்குப் போயிருக்கு. மிச்சம் 590 எந்தச் சந்துல விழுந்துச்சோ, ஏறல. அதனால மெஷினு என்ன பண்ணியிருக்கு? 590 பாக்கின்னு அடுத்த மாசம் அஞ்சாந் தேதி உன் பழைய பேங்குக் கணக்கைத் தட்டியிருக்கு. நீ அதுக்குள்ள கம்பெனி மாறி, சம்பளத்தை வேற பேங்குக்கு மாத்திட்ட. பழைய கணக்குல ஏழு ரூபா. திரும்பி வந்துட்டு. திரும்பி வந்ததுக்கு 590. மறு மாசம் மறுபடி தட்டு, மறுபடி 590. அதுக்கு அடுத்த மாசமும் அப்படியே. ஆக நாலு 590, 2,360. இல்லாத கடனுக்கு வசூல் பண்ணப் போயி, கெடைக்காததுக்கு அபராதம் போட்டு, அந்த அபராதத்தை வசூல் பண்ண ஒரு பையனை வேலைக்கு வச்சிருக்காக. செத்தவன் ஓட்டுப் போட வரலேன்னு அவன் பேருல வழக்குப் போட்ட கணக்கு.

அதுக்கு வழி விட்டவன் நீதான். பேங்குல நேரா எடுத்துக்கிடலாம்னு ஆரம்பத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தல்லா, மேன்டேட்டு? கடன் முடிஞ்சதும் அதை ரத்துப் பண்ணணும். விருந்தாளி போயிட்டான், சாவியை மட்டும் அவன் கையிலயே விட்டு வச்சிருக்க.

சரி, பாக்கி இல்லைன்னு என்.ஓ.சி. வாங்கினியா? இல்ல. ஏன் வாங்கல? "ஆப்புல குளோஸ்டுன்னு பச்சையாக் காட்டிச்சு மாமா." பச்சையாக் காட்டினா? நம்ம கம்மாயில சீமைக்கருவேலும்தான் பச்சையா நிக்குது. அப்புறம் அந்த ஆப்பையும் எடம் அடைக்குதுன்னு அழிச்சிட்ட. நல்லது. எங்க அப்பா கம்பியாவது வச்சிருந்தாரு.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு உனக்குத் தெரியுமா? பெரிய புராணத்துல வரும். சுந்தரருக்குப் புத்தூர்ல கல்யாணம். தாலி கட்டப் போற நேரம், ஒரு கெழவரு குடையும் தடியுமா பந்தலுக்குள்ள வாராரு. "இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் குடுத்த ஓலை இருக்கு"ங்காரு. கல்யாணப் பந்தல்ல வந்து நின்னு மானத்தை வாங்குற முறை அப்பவே இருந்திருக்கு, பாத்துக்கோ. சுந்தரருக்கு வந்துச்சே கோவம். ஓடிப்போயி ஓலையைப் பிடுங்கிக் கிழிச்சுப் போட்டுட்டாரு. கெழவரு அசரலயே! "நீ கிழிச்சது படியோலைதான், மூல ஓலை எங்கிட்ட இருக்கு, சபையில காட்டுதேன்"னுட்டாரு. சபையில மூல ஓலையைப் பாத்தாக, பாட்டனோட பழைய கையெழுத்தை எடுத்து வச்சு ஒத்துப் பாத்தாக. ஒத்துப்போச்சு. சுந்தரர் தோத்தாரு. வந்தது சிவபெருமான்ங்கிறது அப்புறந்தான் தெரியும்.

பக்தியை நீ கோயிலுக்குப் போயித் தெரிஞ்சுக்கோ. நான் சொல்ல வந்தது வேற. சாமியே ஆனாலும் மூலத்தைப் பத்திரமா வச்சுக்கிட்டுப் படியை மட்டும்தான் வெளிய கொண்டாந்தாரு. சபையும் சாமியாச்சேன்னு விடல, கையெழுத்தை ஒத்துப் பாத்துச்சு. உனக்குப் போன் பண்ணுறவன் மூலமும் கொண்டாரல, படியும் கொண்டாரல. வெறுங்கையை வீசிக்கிட்டு வாரான். நீ அவன்கிட்ட ஓலையைக் கேக்காம, "நான் அடிமை இல்ல, அடிமை இல்ல"ன்னு தெருவுல நின்னு கத்திக்கிட்டு இருக்க.

போனவாரம் உங்கிட்ட ஒருத்தி நைசாப் பேசினாளாமே? "சார், 2,360 வேண்டாம், ஆயிரம் கட்டுங்க, செட்டில் பண்ணிருவோம்"னு. உனக்கும் கை அரிச்சிருக்கு, ஆயிரம்தானே, தொலையட்டும்னு. கட்டலயே? கட்டியிருந்தா உன்னைக் கம்பியில குத்தியிருப்பேன். கட்டினா, 'ஆமா, பாக்கி இருந்துச்சு'ன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சு. அது மட்டுமில்ல. நம்ம கடன் கதையெல்லாம் எழுதி வைக்கிற சிபில்ல 'குளோஸ்டு'ன்னா கடனை முழுசாத் தீத்தவன். 'செட்டில்டு'ன்னா குடுக்க முடியாமக் கொறச்சுக் குடுத்துக் கழண்டவன். நாளைக்கு வீடு கட்டக் கடன் கேட்டுப் போவ. பேங்குக்காரன் அந்த ஒத்தை வார்த்தையைப் பாத்துட்டு உன்னை ஏற எறங்கப் பாப்பான். காசையும் குடுத்து, கெட்ட பேரையும் விலைக்கு வாங்குறதுக்கு நம்ம தெரு கிறுக்கன்கூட சம்மதிக்க மாட்டான்.

அதேபோல, "இந்த லிங்கைத் தட்டிப் பணம் அனுப்புங்க"ன்னு எவனாவது அனுப்பினா தொடாத. அவன் கம்பெனி ஆளுதானா, இல்ல உன் நம்பரு எங்கயோ கெடைச்சவனான்னு உனக்கு எப்படித் தெரியும்? கள்ளன்னு தெரிஞ்சா 1930-க்குப் போன் பண்ணு, அது போலீசு நம்பரு.

இப்பப் பேனாவை எடு. எழுத்துலதான் பேசணும். வாயால பேசினது காத்தோட போயிரும். கம்பெனியில குறை கேக்கிறதுக்குன்னு ஒரு அதிகாரி உண்டு, அவரு பேரும் மெயிலும் அவுக வெப்சைட்டுலயே போட்டிருக்கும். போட்டாகணும். அவருக்கு எழுது. என்ன எழுதணும்? "ஐயா, வணக்கம், நான் நலம்"லாம் வேண்டாம். உன் கவிதையும் வேண்டாம். கடன் நம்பரு. இந்தத் தேதியில 4,002 ரூபா இந்த வழியா அனுப்பினேன், அதோட பன்னெண்டு இலக்க நம்பரு இது. அதுல 590 உங்க கணக்குல ஏறல. என் கணக்கு முழு ஸ்டேட்மென்ட்டையும் அனுப்புங்க. தப்பான 2,360-ஐ எடுத்துட்டு, பாக்கி இல்லைங்கிற என்.ஓ.சி.யை அனுப்புங்க. சிபில்ல திருத்துங்க. ஏஜென்சிக்குச் சொல்லி வீட்டாளுகளுக்குப் போன் பண்ணுறதை நிறுத்துங்க. முடிஞ்சுது. இதுல 'மன உளைச்சல்'னு ஒரு வார்த்தைகூட வேண்டாம். அது நாளைக்குத் தேவைப்பட்டா தனியா எழுதிக்கிடலாம்.

செல்லுல டிக் போட்ட படத்தை மட்டும் அனுப்பாத. அதை நம்ம பால்காரன் பேரனே வரைவான். பேங்கு ஸ்டேட்மென்ட்ல அந்தத் தேதி இருக்கிற பக்கத்தை எடுத்து வையி. மூலத்தை நீ வச்சுக்கோ, படியை அனுப்பு. கெழவரு சொல்லிக் குடுத்தது.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. ரிட்டயர்டு ஆன பேங்க் அண்ணாச்சி சாயங்காலம் படிப்பகத்துக்கு வருவாரு. ரிசர்வ் பேங்கு சுற்றறிக்கையை அவரு மத்தவங்க ராசிபலன் வாசிக்கிற மாதிரி வாசிப்பாரு. அவரு சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு. 2008-லயே ரிசர்வ் பேங்கு பேங்குகளுக்கு எழுதி வச்சிருக்காம்: கடன்காரன் ஒரு புகாரு குடுத்திருந்தா, அதுக்குத் தீர்ப்புச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சி கையில குடுக்கக் கூடாதுங்கிற மாதிரி. சும்மா சும்மா வம்புக்குப் புகாரு குடுக்கிறவனுக்கு அந்தச் சலுகை கெடையாது. பாத்தியா, நீ எழுதாம வாயால கத்தினதால உன் கத்தலு கணக்குலயே சேரல. எழுதியிருந்தா வேலி மாதிரி நின்னாலும் நின்னுருக்கும்.

இன்னொண்ணும் சொன்னாரு. வசூலுக்கு வார ஆளுகளுக்கு நூறு மணி நேரம் பாடம் நடத்தணும்னு அதே உத்தரவுல இருக்காம். நூறு மணி நேரம்! உங்க அம்மாவைக் காலையில ஆறு மணிக்கு எழுப்பி அழ வைக்கிறது அதுல எந்தப் பாடம்னு நான் அண்ணாச்சிகிட்ட கேட்டேன். அது சிலபஸ்ல இல்லையாம். 2022 ஆகஸ்ட்ல வந்த உத்தரவுல நேரத்தைப் பளிச்சுனு போட்டுட்டாகளாம்: காலையில எட்டு மணிக்கு முன்னால கூடாது, ராத்திரி ஏழு மணிக்கு மேல கூடாது. விடாம நச்சு நச்சுனு அடிக்கக் கூடாது. மெரட்டக் கூடாது, பொய்யாப் பயம் காட்டக் கூடாது, பேரு சொல்லாமப் பேசக் கூடாது, சொந்தக்காரன் சிநேகிதக்காரன் முன்னால மானத்தை வாங்கக் கூடாது. இது பேங்குக்கு மட்டுமில்ல, உனக்கு வண்டிக்குக் குடுத்தானே, அந்த மாதிரி பைனான்ஸ் கம்பெனிக்கும் சேத்துத்தான். ஏஜெண்டு தப்புப் பண்ணினாலும் கம்பெனிதான் பொறுப்பு. "அது வெளி ஏஜென்சி சார், எங்களுக்குத் தெரியாது"ன்னு தலையைச் சொறிய முடியாது.

அதனால எவன் எத்தனை மணிக்குக் கூப்பிட்டான், எந்த நம்பரு, என்ன சொன்னான்னு ஒரு நோட்டுல குறிச்சு வையி. ஏன், உங்க அம்மாகிட்டயே ஒரு நோட்டைக் குடு. அவ பால் கணக்கு எழுதுறவ. ஒரு சொட்டு தவற மாட்டா. அழறதுக்குப் பதிலா எழுதட்டும். வீட்டுக்கே ஆளு வந்தா, உள்ள கூப்பிட்டு மோரு குடு. அடையாள அட்டையும், கம்பெனி குடுத்த அதிகாரக் கடுதாசியும் காட்டச் சொல்லு. காட்டினா போட்டோ எடுத்துக்கோ. காட்டலேன்னா, மோரைக் குடிச்சிட்டுப் போகச் சொல்லு.

கெட்ட வார்த்தை மட்டும் பேசிராத. அண்ணாச்சி சொல்லுதாரு, பேச்சைப் பதிவு பண்ணுற வழக்கமும் இருக்காம். நீயும் பதிவு பண்ணிக்கோ. ரெண்டு பதிவுலயும் நீ மட்டும் மரியாதையாப் பேசின மாதிரி இருக்கணும். அந்தப் பையன் என்ன பண்ணுவான்? அவன் கையில இருக்கிறது ஒரு பட்டியலு. பட்டியல்ல உன் பேரு இருக்கு. பட்டியலை எழுதினவன் வேற ஊருல ஏசியில உக்காந்திருக்கான். அம்பை நொந்துக்கிட்டு எய்தவனை விட்டுருத. அந்தப் பையன்கிட்டக் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: "தம்பி, அடிக்கட்டை எங்க?"

முப்பது நாளு பொறு. எண்ணிக்கிட்டே இரு. அதுக்குள்ள பதில் வரலேன்னாலும், வந்த பதிலு வழவழன்னு இருந்தாலும், ரிசர்வ் பேங்கு ஆம்புட்ஸ்மேனுக்குப் போ. 2021 நவம்பர்ல தனித்தனியா இருந்த ஆம்புட்ஸ்மேன் திட்டம் எல்லாத்தையும் ஒண்ணா இணைச்சு ஒரே திட்டமாக்கிட்டாக. ஒத்தைக் காசு செலவு கெடையாது, வக்கீலு வேண்டாம், ஆன்லைன்லயே போடலாம். கடுதாசியா எழுதினா சண்டிகருக்குப் போகுமாம். சந்தேகம் கேக்கணும்னா 14448. ஆனா கம்பெனிக்கு எழுதாம நேரா அங்க போயி நின்னா, முதல்ல அங்க எழுதுன்னு திருப்பி விட்டுருவாக. வாத்தியார்கிட்ட கேக்காம ஹெட்மாஸ்டர்கிட்டப் போன பய மாதிரி.

சிபிலுக்கும் அப்படித்தான் ஒரு கணக்கு இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை அறிக்கையைச் சும்மாவே தரணும். அதுல தப்பு இருக்குன்னு நீ சொன்னா முப்பது நாளைக்குள்ள தீத்து வைக்கணும். தாண்டினா ஒரு நாளைக்கு நூறு ரூபா உனக்கு. இந்த நூறு ரூபா கணக்கு 2024 ஏப்ரல்லேருந்து நடப்புல இருக்கு. நூறு ரூபான்னா கேவலமா இருக்கா? நம்ம ஊருல நூறு நாள் வேலைக்குப் போற உங்க பெரியத்தைகிட்டக் கேளு, நூறு ரூபா என்னன்னு. வீட்டுப் பத்திரம் வச்சு வாங்கின கடன்னா இன்னும் சூடு: பணம் முழுசாக் கட்டி முப்பது நாளைக்குள்ள பத்திரம் கைக்கு வரலேன்னா, அவுக தப்பா இருந்தா, நாளைக்கு 5,000 குடுக்கணும். உனக்கு அந்த யோகம் இல்ல. நீ வாங்கினது ரெண்டு சக்கரம்.

அந்த ரெண்டு சக்கரமும் இன்னும் உன்னுது இல்ல, அது தெரியுமா? ஆர்.சி. புக்கை எடுத்துப் பாரு. கம்பெனி பேரு அதுல குத்த வச்சு உக்காந்திருக்கும். என்.ஓ.சி.யோட 35-ஆம் நம்பரு ஃபாரத்துலயும் கம்பெனிகிட்டக் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ.கிட்டக் குடுத்து எச்.பி.யை, அதான் அந்த அடமானப் பதிவை, கேன்சல் பண்ணணும். இன்சூரன்ஸ்லயும் அந்தப் பேரை எடுக்கணும். இல்லேன்னா வண்டியை விக்கப் போறன்னைக்குத்தான் தெரியும், நீ இத்தனை வருஷமா இன்னொருத்தன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கிட்டு இருந்திருக்கன்னு.

என்ன, செல்லு துடிக்குதா? நிமித்து. தெரியாத நம்பரா? அவனாத்தான் இருக்கும். மணி எத்தனை? ஏழு பத்து. ஆகா, ஏழுக்கு மேல கூப்பிட்டுட்டான்! நோட்டுல எழுது: தேதி, ஏழு பத்து. எழுதிட்டியா? எடுக்காத. இல்ல, எங்கிட்டக் குடு.

"அலோ... ஆரு? சத்தமாப் பேசுங்க, காது கேக்காது... ஓ, சங்கரன்கோவிலாரா! என்ன தம்பி இந்நேரம்? ஏழு மணிக்கு மேல நீங்க பேசக் கூடாதுல்லா?... டூட்டி முடிஞ்சு போச்சா?... உன் சொந்த நம்பரா?... என்கிட்டயா? என் நம்பரு எழுதி வைக்கலியா, அதான் இதுல அடிச்சியா. சொல்லு, சொல்லு... ம்... செல்லு வாங்கினியா. தவணையிலயா... எத்தனை மாசம்?... முழுசாக் கட்டிட்டியா?... அப்புறம் எவன் போன் பண்ணுதான் உனக்கு?... உங்க அம்மாவுக்குமா!... அட, தம்பி, தம்பி, அழாத. நான் கேக்குதேன், மெதுவாச் சொல்லு. என்.ஓ.சி. வாங்கினியா?..."

மருமகனே, அந்தக் காலண்டர்ல இன்னொரு தாளு கிழி.